எஸ்பெராண்டோ போன்ற, திட்டமிட்டு உருவாக்கப்பட்ட மொழிகள் ஏன் உலகப் பொதுமொழி ஆகவில்லை?

கற்பது கடினம் என்பதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எஸ்பெராண்டோ விஷயத்தில் அது உண்மையே இல்லை. 1887-இல் வார்சாவில் சாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் உருவாக்கி வெளியிட்ட இந்த மொழியின் அடிப்படை இலக்கணம் 16 விதிகளில் அடங்கிவிடும். பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும், பெயரடை 'ஆ'வில் முடியும், விதிவிலக்கு கிடையாது. 'சானா' என்றால் நலமான. முன்னால் 'மல்' சேர்த்தால் எதிர்ப்பொருள்: 'மல்சானா', நோயுற்ற. ஆளைக் குறிக்கும் ஒட்டைச் சேர்த்து 'மல்சானுலோ' என்றால் நோயாளி. இடத்தைக் குறிக்கும் ஒட்டையும் சேர்த்து 'மல்சானுலேயோ' என்றால் மருத்துவமனை. ஒரே வேரிலிருந்து இத்தனை சொற்கள்! இந்த அமைப்பின் அழகு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

வேர்ச்சொற்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்தவை என்ற குறை நியாயமானது. ஆனால் தடை அங்கேயும் இல்லை. ஒரு மொழி பரவ ஆட்சி, வணிகம், வேலைவாய்ப்பு ஆகியவற்றின் பலம் வேண்டும். எஸ்பெராண்டோவுக்குப் பின்னால் எந்த அரசும் நிற்கவில்லை. எதிர்த்த அரசுகளோ உண்டு. 1920-களில் ஐ.நா.வின் முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தில் இதைப் பள்ளிகளில் கற்பிக்கும் யோசனை வந்தபோது பிரான்ஸ் கடுமையாக எதிர்த்தது. பிறகு ஹிட்லர் ஆட்சியிலும் ஸ்டாலின் ஆட்சியிலும் இம்மொழி பேசியவர்கள் வேட்டையாடப்பட்டார்கள். சாமென்ஹோஃபின் பிள்ளைகள் மூவரையும் நாஜிகள் கொன்றார்கள். இதை ஒரு மொழியின் தோல்வி என்று எழுதுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

அதன் பிறகும் மொழி அழியவில்லை. 1905-இல் பிரான்ஸின் புலோன் நகரில் தொடங்கிய எஸ்பெராண்டோ உலக மாநாடு இன்றும் கூடுகிறது. பெற்றோர் இதில் பேசி வளர்த்ததால் இதையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள்.