வங்கி வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆகலாமா?

விடாதீங்க. முதல் புத்தகம் வந்திருக்கிறது, நாலு பேர் பாராட்டியிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இங்கிலாந்தில் உட்பிரிட்ஜ் என்ற ஊரில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்த கவிஞர் பெர்னார்ட் பார்ட்டனுக்கும் இதே ஆசை வந்தது. 1823 ஜனவரியில் அவருக்குப் பதில் எழுதியவர் சார்லஸ் லாம்ப். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டே கட்டுரையும் கவிதையும் எழுதியவர். சித்தம் அடிக்கடி பேதலித்துப்போகும் அக்கா மேரியை அந்தச் சம்பளத்தில்தான் வைத்துப் பார்த்துக்கொண்டார். பதிப்பாளர்களை நம்பிப் பிழைப்பதற்குப் பதில், ரோமில் துரோகிகளைத் தள்ளிவிடும் பாறையிலிருந்து குதித்துவிடு என்கிறார். வங்கியை நீ விடாதே, அது உன்னை விடாது என்கிறார். ஆபீஸை இத்தனை நாள் திட்டியதெல்லாம் காதலர் சண்டை, பாதிதான் நிஜம் என்று அதே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார் பாருங்கள், அந்த இடம் எனக்கு உயிர்.

நானும் வங்கிதான், நகைக்கடன் பிரிவு. என் முதல் தொகுப்பு வந்ததும் வீட்டில் எல்லோரும், "வேலையை விட்டுட்டு நிம்மதியா எழுதேன்மா" என்றார்கள். முதல் குரல் மாமியாருடையது. நான் எழுதுவேன் என்பதைவிட மத்தியானம் சோறு சூடாக இருக்கும் என்பதுதான் அவர்கள் கணக்கு. (குடும்பத்தைக் குறை சொல்கிறேன் என்று கிளம்பாதீர்கள். நல்லவர்கள்தான்.) லாம்பின் கடிதத் தொகுப்பு அப்போதுதான் கையில் கிடைத்தது. நான் அசையவில்லை. என் தொகுப்புக்கு இன்றுவரை ராயல்டி வரவில்லை. பையனுக்கு ஃபீஸ் கட்டியது சம்பளம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இலக்கியக் கூட்டங்களில் என்னை "ஓய்வு நேரத்தில் எழுதும் இல்லத்தரசி" என்று அறிமுகப்படுத்துகிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் தாலுகா ஆபீஸ் ஆண் மட்டும் வெறும் "எழுத்தாளர்". அவர் என்ன, ஆபீஸ் நேரத்திலா எழுதுகிறார்?

"லாம்பே 1825-இல் வேலையை விட்டாரே" என்று யாராவது வருவீர்கள். விட்டார், 33 வருடம் முடித்து, ஆண்டுக்கு 441 பவுண்டு பென்ஷனோடு. அந்தத் தொகையைக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதும்போது மறக்காமல் குறிப்பிடுகிறார். 1829-இல் அதே பார்ட்டனிடம், வேலை குவிந்து கிடப்பதைவிட வேலையே இல்லாமல் இருப்பது கொடுமை என்று புலம்பல் வேறு. பார்ட்டன் 1849-இல் சாகும்வரை வங்கியிலேயே இருந்தார். நடுவில் கவிதைத் தொகுதிகளும் வந்துகொண்டுதான் இருந்தன.

உங்கள் சர்வீஸ் எத்தனை வருடம் என்று கேள்வியில் இல்லை. சொன்னால் பென்ஷன் எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.