லைஸ் ஆஃப் பி: உருளுவதைக் குறையுங்கள், தடுக்கப் பழகுங்கள்

டார்க் சோல்ஸ் 3 வீடியோ கேமை அடிகளிலிருந்து உருண்டு தப்பியே முடித்துவிட்டு, இப்போது லைஸ் ஆஃப் பி கேமில் ஸ்கிராப்டு வாட்ச்மேன் என்ற பாஸிடம் (பெரிய எதிரியிடம்) மாட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் திறமையில் குறையில்லை. 2023-இல் வந்த இந்த ஆட்டம் டார்க் சோல்ஸைவிட பிளட்போர்ன் (2015), செகிரோ (2019) என்ற கேம்களுக்குத்தான் நெருக்கம்.

சிவப்பாக ஒளிர்ந்து வரும் ஃப்யூரி அடியைச் சாதாரணத் தடுப்பு நிறுத்தாது. உருண்டு ஊடுருவவும் முடியாது. எட்டாத தூரத்துக்கு ஓடுங்கள், அல்லது அடி விழும் அதே கணத்தில் தடுப்புப் பட்டனை அழுத்தி பர்ஃபெக்ட் கார்டு (கச்சிதமான தடுப்பு) போடுங்கள். பாஸ் கையை ஓங்கியதும் அழுத்தாதீர்கள். ஓங்கியபடி கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் இறக்குவான். பட்டனைச் செகிரோ போலத் தட்டிவிட்டு எடுக்காமல் ஒரு நொடி பிடித்திருங்கள். சிவப்பாக ஒளிராத அடியானால், சீக்கிரம் அழுத்தியிருந்தாலும் அது சாதாரணத் தடுப்பாகிவிடும். அதில் போன உயிரை உடனே திருப்பி அடித்து மீட்கலாம். பயந்து பின்வாங்கினால் அதுவும் போய்விடும்.

பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று: பாஸின் உயிர்க்கோட்டைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்ததும், பட்டனைப் பிடித்து முழுதாகச் சார்ஜ் செய்த கனத்த அடி ஒன்று விழ வேண்டும். அப்போது நிலைகுலைவான். லேசான அடிகளால் அது நடக்காது, விளிம்பும் சற்று நேரத்தில் மறைந்துவிடும்.

உயிரை நிரப்பும் பல்ஸ் செல் தீர்ந்தாலும் ஓடாதீர்கள். அடித்துக்கொண்டே இருந்தால் ஒன்று நிரம்பும்.