வெல்டர் பிரிவில் சேர்க்கும் முன் பட்டறையைப் பாருங்கள்

பத்தாம் வகுப்பு முடித்த மகனை ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேர்த்தால் கண் போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான் அம்மா. தாராளமாகச் சேர்க்கலாம். ஓராண்டுப் படிப்புதான். ஆனால் முதல் சில மாதங்களில் கை எப்படிப் பழகுகிறதோ, அப்படியேதான் கடைசிவரை வேலை செய்யும். அதனால் எந்த ஐ.டி.ஐ. என்பதை அதன் பட்டறையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில் கண். வெல்டிங் செய்யும்போது எழும் மின் சுடரிலிருந்து (ஆர்க்) வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுடுகிறது. சுடும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், மணல் விழுந்ததுபோல் உறுத்தி நீர் கொட்டும். ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும் என்பதால் பையன்கள் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி வந்தால் தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு என்று எதையும் கண்ணில் விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை நீங்களாகவே வாங்கித் திரும்பத் திரும்ப விடக் கூடாது, புண் ஆறாது.

இது நீளமான வெல்டிங்கில் வருவது குறைவு. இரும்புத் துண்டுகளை இடத்தில் நிறுத்த டேக் என்னும் சிறு ஒட்டுப் போடும் அந்த ஒரு நொடியில்தான் வருகிறது. கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் உருகி ஒட்டும் கம்பியான ராடு எங்கே நிற்கிறது என்று தெரியாது. அதனால் முகமூடியைத் தூக்கிவிட்டுத் தட்டுகிறார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ராடை இடத்தில் வைத்து, தலையை அசைத்து முகமூடியை இறக்கும் பயிற்சியை நல்ல ஆசிரியர் பலமுறை கொடுப்பார். ஒட்ட வேண்டிய இரும்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பையனுக்கும் முகமூடி வேண்டும். 3.15 மி.மீ. ராடுக்கு 10 அல்லது 11 எண் ஷேடு (கறுப்பின் அளவு) கண்ணாடி தேவை. வெறும் கூலிங் கிளாஸ் உதவாது. ஒட்டின் மேல் படியும் கசடைத் தட்டும்போது முகமூடி மேலே போய்விடும் என்பதால், உள்ளே நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டிருக்க வேண்டும்.

சேர்க்கை நாளில் பட்டறை பளிச்சென்றிருக்கும். செய்முறை வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். சிலிண்டர்கள் நிமிர்த்தி, சங்கிலியால் கட்டப்பட்டிருக்கின்றனவா? ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் கறை இருக்கவே கூடாது. அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும். அசிட்டிலின் எரிவாயு ஹோஸில் தீ பின்னேறாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா? கிரைண்டரில் கல்லுக்கும், இரும்பை வைக்கும் தாங்கிக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடினால் இரும்பு உள்ளே சிக்கிக் கல்லே உடைந்து பறக்கும். மாணவர்கள் பாலியஸ்டர் சட்டையோடு வெல்டிங் செய்தால் அந்த இடம் வேண்டாம். தீப்பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டும். மகனுக்குத் தடித்த பருத்திச் சட்டை தைத்துக் கொடுங்கள். பேன்ட் காலை மடித்துவிடக் கூடாது. மடிப்பில் பொறி தங்கும்.

புகையைப் பற்றியும் கேளுங்கள். ஜிங்க் பூசிய தகட்டை வெல்டிங் செய்தால் வரும் வெண்புகை சாயங்காலம் குளிர் காய்ச்சலைக் கொண்டுவரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பூச்சை அகற்றிவிட்டு வெல்டிங் செய்வதும் புகை உறிஞ்சும் விசிறியும்தான் வழி.

படிப்பு முடிந்து அப்ரண்டிஸாக (தொழிற்பழகுநராக) போகும்போது ஒப்பந்தத்தை நீங்களும் படியுங்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, ஆபத்தான தொழில்கள் சார்ந்த பிரிவுகளில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு தருவது முதலாளியின் பொறுப்பு. அனுமதியில்லாமல் ஓவர்டைம் வாங்க முடியாது. பழைய எண்ணெய் டிரம்மை வெல்டிங் செய்யச் சொன்னாலோ, தொட்டிக்குள் தனியாக இறங்கச் சொன்னாலோ முடியாது என்று சொல்ல இப்போதே அவனிடம் பேசிவையுங்கள். காலியான டிரம்மிலும் ஆவி இருக்கும், அது வெடிக்கும்.