குனிந்து நிமிர்ந்தால் ஒட்டகச்சிவிங்கிக்குத் தலை சுற்றாதா? – வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை முடிந்த கையோடு வந்த கேள்விகளில் நிறையப் பேர் ஒட்டகச்சிவிங்கியைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். உலு கிளாங் சூ நெகாரா விலங்குக்காட்சி சாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்கள் அதிகம் போலிருக்கிறது. சரி, இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மகன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஒட்டகச்சிவிங்கி குனிந்து தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்ததைப் பார்த்து, "நான் வேகமாக எழுந்தாலே எனக்குத் தலை சுற்றுதே, அதுக்குச் சுற்றாதாம்மா?" என்கிறான். என்ன சொல்வது?
– ஒரு தாய், செந்தூல்

அவன் கேட்டதை உடலியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அம்மா. பையனைத் தட்டிக்கொடுங்கள்.

வளர்ந்த ஆண் ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். இதயத்துக்கும் மூளைக்கும் இடையில் மட்டும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் தூரம். அவ்வளவு மேலே இரத்தத்தைத் தள்ள வேண்டும் என்பதால் அதன் இரத்த அழுத்தம் நம்முடையதைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது. நமக்கு 120க்கு 80 என்றால் டாக்டர் நிம்மதியாக அனுப்பிவைப்பார், ஒட்டகச்சிவிங்கிக்கோ மேல் எண்ணே 200ஐத் தாண்டி நிற்கும், அதுதான் அதற்கு ஆரோக்கியம். இதயம் சுமார் 11 கிலோ வரை இருக்கும் என்று சொல்வார்கள். அதனால் உடம்புக்குப் பொருந்தாத ராட்சத இதயம் என்று பலர் எழுதுகிறார்கள், ஆனால் உடல் எடையோடு ஒப்பிட்டு அளந்தவர்கள் மற்றப் பாலூட்டிகளின் விகிதத்திலேயே இருக்கிறது என்று கண்டார்கள். வித்தியாசம் அளவில் இல்லை. இடது கீழறையின் சுவர் மிகத் தடிமனாக இருக்கிறது, கன்று வளர்ந்து கழுத்து நீள நீள அந்தச் சுவரும் தடித்துக்கொண்டே போகிறது.

இப்போது குனிவதற்கு வருவோம். தலை கீழே வந்ததும் அத்தனை அழுத்தமும் மூளையில் போய் மோத வேண்டும். மோதுவதில்லை. மூளைக்கு அடியில் நுண்ணிய தமனிகள் வலையாகப் பின்னிக் கிடக்கின்றன, அவை வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. கழுத்தின் பெரிய சிரைகளில் தடுக்கிதழ்கள் இருப்பதால் இரத்தம் தலைப்பக்கம் திரும்பி ஓடாது. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம்: குனிந்திருக்கும்போது அந்தக் கழுத்துச் சிரைகளிலேயே நிறைய இரத்தம் தேங்கி நிற்கிறது, அதனால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து அழுத்தமும் இறங்கிவிடுகிறது, தலையைத் தூக்கியதும் தேங்கியிருந்த இரத்தம் மொத்தமாக இதயத்துக்குள் பாய்கிறது, இதயம் அடுத்தடுத்த துடிப்புகளில் அதைப் பலமாக மேலே அனுப்புகிறது, மூளை காலியாவதற்கு நேரமே இல்லை. மயக்க மருந்து கொடுத்த விலங்குகளில் ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆக உங்கள் மகனுக்குச் சுருக்கமாகச் சொன்னால், நாம் எழும்போது நம் தலைக்கு ஒரு நொடி இரத்தம் குறைகிறது, அது எழும்போது கழுத்தில் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கிறது.

கால்களைப் பற்றி அவன் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு அழுத்தத்தில் கீழ்க்கால் வீங்கித் தொங்க வேண்டுமே? நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்கள் போடும் இறுக்கமான காலுறையைப் போல அதன் கால் தோல் தடிப்பாகவும் விறைப்பாகவும் காலைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, நீர் கசிந்து சேர இடமே கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். இவ்வளவு நீளக் கழுத்து இருந்தும் அது தரைக்கு எட்டாது! முன்னங்கால்களை அகட்டி வைத்தோ மடக்கியோதான் தண்ணீர் குடிக்க முடியும். காட்டில் சிங்கம் பாய வசதியான நேரம் அதுதான். அதனால் தேவையான நீரில் பெரும்பகுதியை இலையிலிருந்தே எடுத்துக்கொண்டு பல நாள் குடிக்காமலே இருந்துவிடும்.

நம் வீடுகளில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். 2021இல் சீன விஞ்ஞானிகள் ஒட்டகச்சிவிங்கியின் எஃப்ஜிஎஃப்ஆர்எல்1 என்ற மரபணுவில் இருக்கும் தனி மாற்றங்களை எலிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தைச் செலுத்தினார்கள். சாதாரண எலிகளுக்கு அழுத்தம் ஏறி இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டன, இந்த எலிகள் பெரும்பாலும் தப்பித்தன. இதிலிருந்து மருந்து வருமா என்பது வேறு கதை, அதுவரை யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: எஸ்பிஎம் எழுதப் போகிறேன். "கழுத்தை நீட்டி நீட்டி நீளமானது" என்று லாமார்க் சொன்னது தவறு, டார்வின் சொன்னது சரி என்று படித்தோம். அப்படியென்றால் உயரத்தில் இருக்கும் இலைக்காகத்தான் கழுத்து நீண்டது என்பது உறுதியா?
– படிவம் ஐந்து மாணவர், பட்டர்வொர்த்

தம்பி, தேர்வில் நீங்கள் படித்தபடியே எழுதுங்கள், அது சரிதான். லாமார்க் 1809இல் சொன்னது போல, வாழ்நாளில் நீட்டியது பிள்ளைக்குப் போகாது. நீளமான கழுத்தோடு பிறந்தவை அதிகம் பிழைத்து அதிகம் ஈன்றன, அதுதான் இயற்கைத் தேர்வு. ஒரு சின்னத் தகவல்: டார்வின் 1859இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஒட்டகச்சிவிங்கியின் வாலைத்தான் உதாரணமாக எடுத்தார், ஈ ஓட்ட அது எப்படிப் பயன்படுகிறது என்று. கழுத்தை விரிவாகப் பேசியது 1872இல் வந்த ஆறாம் பதிப்பில்.

ஆனால் நீளக் கழுத்தால் கிடைத்த நன்மை எது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆண்கள் பக்கத்தில் பக்கமாக நின்று கழுத்தைச் சுழற்றித் தலையால் மொத்திக்கொள்ளும், அந்த அடியில் எதிராளி சுருண்டு விழுவதும் உண்டு. அந்தச் சண்டையில் வெல்லத்தான் கழுத்து நீண்டது என்று 1996இல் இருவர் எழுதினார்கள். 2007இல் தென்னாப்பிரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. தாழ்ந்த கிளைகளை மான் போன்ற சிறு விலங்குகள் மேய்ந்து தீர்த்துவிடுவதால் ஒட்டகச்சிவிங்கிக்கு மேலே மேய்ந்தால்தான் ஒரு வாய்க்கு அதிக இலை கிடைக்கிறது, வேலி கட்டிச் சிறு விலங்குகளைத் தடுத்த மரங்களில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. 2024இல் வந்த ஆய்வோ, உடல் அளவோடு பார்த்தால் பெண்ணுக்குத்தான் கழுத்து நீளம் என்கிறது. சண்டைக்காக என்றால் ஆணுக்கல்லவா நீண்டிருக்க வேண்டும்? சுமார் 15 மாதம் சுமந்து, பிறகு பாலும் கொடுக்கும் தாய்க்கு எட்டாத இடத்து இலை எவ்வளவு முக்கியம் என்று யோசித்தால், சாப்பாடுதான் முதல் காரணம் என்ற பக்கமே நான் சாய்கிறேன். சண்டை அப்புறம் சேர்ந்துகொண்டிருக்கலாம்.

கழுத்தில் எத்தனை எலும்பு என்று கேட்டால் ஏழு. நமக்கும் ஏழு, எலிக்கும் ஏழு. அதனுடையது ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டருக்கு மேல்.

கேள்வி: அதற்குக் குரலே கிடையாதாமே?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

உண்டு ஐயா. கன்றுகள் கத்தும், பெரியவை சீறும், செருமும். 2015இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஐரோப்பாவின் மூன்று விலங்குக்காட்சி சாலைகளில் பல நூறு மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டவர்கள், இரவில் மட்டும் அவை மிகத் தாழ்ந்த சுருதியில் முனகுவதைக் கண்டுபிடித்தார்கள். பார்வையாளர் எல்லாம் போன பிறகு நடப்பது என்பதால்தான் இவ்வளவு காலம் யார் காதிலும் விழவில்லை.

கேள்வி: நம் தாமான் நெகாராவில் இவ்வளவு மரம் இருக்கிறதே, அங்கே விட்டால் வாழாதா?
– வாசகி, பத்துமலை

வாழாது. ஆப்பிரிக்காவில் அது இருப்பது வறண்ட புல்வெளிகளிலும் மரங்கள் விட்டுவிட்டு நிற்கும் திறந்த காடுகளிலும். உடைமர இனத்து முள் மரங்கள்தான் அதற்கு முக்கிய உணவு, 45 சென்டிமீட்டருக்கு மேல் நீளும் கருநீல நாக்கால் முள்ளுக்கு நடுவே இலையை உருவி எடுக்கும். தூரத்தில் வரும் சிங்கத்தை முதலில் பார்ப்பது அதன் பெரிய பலம். நம் மழைக்காட்டின் நெருக்கத்தில் அந்தக் கண்ணுக்கு வேலையே இல்லை, ஓடவும் முடியாது. மழைக்காட்டுக்குள் வாழும் உறவினர் ஒருவர் இருக்கிறார்: காங்கோவின் ஒகாப்பி. கழுத்து நீளவில்லை, பின்னங்காலில் வரிகள், ஒளிந்தே வாழும். விஞ்ஞான உலகம் அதற்குப் பெயர் வைத்ததே 1901இல்தான். ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பவை ஒட்டகச்சிவிங்கியும் ஒகாப்பியும் மட்டுமே.

கேள்வி: கூட்டத்தில் பாட்டி, அம்மா, பேத்தி என்று உறவெல்லாம் இருக்குமா?
– ஒரு பாட்டி, ஆயர் ஈத்தாம்

இருக்கிறது பாட்டி. ரொம்ப காலம், இவை ஒட்டுதல் இல்லாமல் சும்மா சேர்ந்து பிரியும் விலங்குகள் என்றே பலர் எழுதிவந்தார்கள். 2021இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் அதுவரை வந்த நானூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, பெண்களுக்குள் நீடித்த நட்பும் தாய்வழி உறவும் இருக்கிறது என்றார்கள். ஈனும் வயது தாண்டிய பிறகும் பெண்கள் வாழ்நாளில் 30 சதவீதம் வரை உயிரோடு இருக்கின்றன, யானையைவிட அதிகம். அந்தப் பாட்டிகள் கூட்டத்துக்கு உதவுகின்றன என்பது அவர்கள் முன்வைக்கும் கருத்து, உறுதிப்படுத்த இன்னும் வேலை இருக்கிறது.

தாய் நின்றபடியே ஈனும், கன்று இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்துதான் பிறக்கும். பிறக்கும்போதே 1.8 மீட்டர் உயரம், ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிடும். தாய்கள் முறைவைத்து மேயப் போக, ஒருத்தி எல்லாக் கன்றுகளுக்கும் காவல் நிற்பதும் உண்டு. இருந்தும் சிங்கமும் கழுதைப்புலியும் உள்ள இடங்களில் முதல் ஆண்டைத் தாண்டாத கன்றுகள் ஏராளம்.

கேள்வி: பழைய காலத்திலேயே ஒட்டகச்சிவிங்கி நம் மலாக்கா நீரிணை வழியாகப் போனதாக ஒரு நண்பர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

நம்பலாம். 1414இல் வங்காள சுல்தான் ஓர் ஒட்டகச்சிவிங்கியைச் சீனாவின் யோங்லே பேரரசருக்குக் காணிக்கையாக அனுப்பினார். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து இன்னொன்று போய்ச் சேர்ந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் போய்வந்த காலம், மலாக்காவில் சீனர்களுக்குக் கிடங்கே இருந்தது, வங்காளத்திலிருந்து சீனாவுக்குக் கப்பல் போக வழக்கமான வழி நம் நீரிணைதான். அந்தப் பயணங்களோடு தொடர்புள்ள கடல் வரைபடத்தில் பினாங்குத் தீவும் குறிக்கப்பட்டிருக்கிறது. சீன அரசவையில் அதைக் கிலின் என்ற மங்கல விலங்காகவே கொண்டாடி, ஓவியம் வரைந்து பாட்டும் எழுதினார்கள். ஆப்பிரிக்கப் புல்வெளியில் பிறந்து, பல மாதம் கப்பலில் நின்றபடி பெருங்கடலைக் கடந்த அந்த விலங்குகளுக்கு யார் இலை கொடுத்தார்கள், எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. அந்தப் பராமரிப்பாளர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லையே என்ற வருத்தமும் உண்டு.

கேள்வி: யானை, புலி அழிகிறது என்று எல்லாரும் பேசுகிறார்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு ஆபத்தில்லைதானே?
– வாசகி, கெப்போங்

இருக்கிறது. எல்லாப் பாட்டுப் புத்தகத்திலும் பொம்மைக் கடையிலும் அது இருப்பதால் காட்டிலும் நிறைய இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். 1985இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தவை 2015இல் ஒரு லட்சத்துக்கும் கீழே வந்தன. 2016இல் அழியும் ஆபத்துக்கு உள்ளானவை என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். நிலம் விவசாயத்துக்குப் போனது, இறைச்சிக்கும் தோலுக்கும் வேட்டை, உள்நாட்டுப் போர்கள், எல்லாம் சேர்ந்த விளைவு. 2019இல்தான் அதன் உறுப்புகளின் பன்னாட்டு வணிகத்துக்கே கட்டுப்பாடு வந்தது, இவ்வளவு தாமதம் எனக்கு ஆறவே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். 2025 ஆகஸ்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இது ஓர் இனம் இல்லை, நான்கு இனங்கள் என்று ஏற்றுக்கொண்டது. 2025 கணக்குப்படி தெற்கு வகை 69,000 அளவில் இருக்கிறது, மசாய் வகை 44,000, வலைக்கோலம் கொண்ட வகை 21,000, வடக்கு வகையோ வெறும் 7,000. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிச் சொன்னபோது இந்த 7,000 கண்ணில் படாமலே மறைந்திருந்தது.

நல்ல செய்தியும் அந்த வடக்கு வகையிலேயே இருக்கிறது. நைஜரில் 1990களில் மிஞ்சியவை 49தான். வேட்டையைத் தடைசெய்து, கிராமத்து மக்களையும் சேர்த்துக்கொண்டு காப்பாற்றினார்கள். வேலி இல்லாமல் மக்களின் வயல்வெளிகளுக்கு நடுவே வாழும் அவை இன்று 600ஐத் தாண்டிவிட்டன. ஏழை நாடு, வறண்ட நிலம், அங்கே முடிந்திருக்கிறது.

கேள்வி: அடுத்த முறை பிள்ளைகளோடு சூ நெகாரா போகும்போது எதைக் காட்டுவது? ஐந்து நிமிடத்தில் "பார்த்தாச்சு" என்று ஓடிவிடுகிறார்கள்.
– இரண்டு பிள்ளைகளின் அப்பா, ரவாங்

முதலில் நடையைக் காட்டுங்கள். நடக்கும்போது ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் ஏறக்குறைய சேர்ந்தே நகரும். பிறகு கொம்பு: உச்சியில் மயிர்க்கற்றை இருந்தால் பெரும்பாலும் பெண், சண்டையில் தேய்ந்து வழுக்கையாக இருந்தால் ஆண். தோல் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு, அதை வைத்து இரண்டைப் பிரித்து அடையாளம் காணச் சொன்னால் பிள்ளைகள் அரைமணி நேரம் நகரமாட்டார்கள். எல்லாவற்றையும்விட, அது சும்மா நின்று அசைபோடும்போது கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டைப் போலவே நான்கு அறை வயிறு என்பதால் ஒரு கவளம் உள்ளிருந்து கழுத்து வழியாக மேலே ஏறுவதும், மென்று முடித்தபின் இறங்குவதும் வெளியிலிருந்தே தெரியும். ரொட்டி, பிஸ்கட் எதையும் மட்டும் நீட்டிவிடாதீர்கள், இலைக்கென்றே அமைந்த வயிறு அது. பராமரிப்பாளர் கையில் கொடுப்பதைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.