தண்டவாளம் போட்டு ஊர் விற்றவர்: ஹென்றி ஃப்ளாக்லர் பற்றிய கேள்வி பதில்

ஃப்ளோரிடாவின் கிழக்குக் கடற்கரையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஹென்றி ஃப்ளாக்லர் பெயர் வராமல் போகாது. எண்ணெயில் சம்பாதித்த பணத்தைக் கொண்டுவந்து, 1885 முதல் 1912 வரை, ஜாக்சன்வில்லில் இருந்து கடலுக்குள் இருக்கும் கீ வெஸ்ட் தீவு வரை ரயில் பாதையும் வழியெங்கும் ஓட்டல்களும் கட்டியவர். அவரைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்ததில் இருந்து எடுத்தவை இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (மதுரையில் இருந்து): சார், ராக்ஃபெல்லர் பெயர் எல்லாருக்கும் தெரியும். இவரை ஏன் யாருக்கும் தெரியவில்லை? அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

பதில்: ராக்ஃபெல்லரின் தொழில் கூட்டாளிதான் இவர். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். பதினான்கு வயதில் படிப்பை விட்டுவிட்டு ஓஹாயோவில் உறவினர் கடைக்கு வேலைக்குப் போனார். உள்நாட்டுப் போர் நேரத்தில் மிச்சிகனில் உப்பு வியாபாரத்தில் இறங்கினார். போர் முடிந்ததும் உப்பு விலை சரிந்து, போட்ட முதலும் போய்க் கடனும் ஏறியது. 1867-ல் ராக்ஃபெல்லரோடு கூட்டுச் சேர்ந்தார். அதற்கான மூலதனம் மனைவி வழி உறவினர் ஸ்டீபன் ஹார்க்னஸ் கொடுத்தது. 1870-ல் அந்தக் கூட்டுதான் ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனி ஆனது.

ரயில் கம்பெனிகளோடு உட்கார்ந்து சரக்குக் கட்டணத்தில் ரகசியத் தள்ளுபடி பேசி வாங்கிய வேலை பெரும்பாலும் ஃப்ளாக்லருடையது. தண்டவாளம் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் மற்றவன் பிழைப்பைத் தீர்மானிக்கிறான் என்பதை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கற்றவர். ஃப்ளோரிடாவில் அவர் செய்ததெல்லாம் இதன் தொடர்ச்சி என்பது என் கருத்து.

கேள்வி (கோவையில் இருந்து): ஓட்டல் கட்ட வந்தவர் ரயிலுக்கு ஏன் போனார்?

பதில்: விருந்தாளி வந்து சேர வேண்டுமே! முதல் மனைவி மேரியின் உடம்பு தேற வேண்டும் என்று 1878 வாக்கில் ஜாக்சன்வில்லுக்கு வந்தார்கள். அவர் 1881-ல் இறந்துவிட்டார். 1883-ல் இரண்டாம் திருமணம். அதையொட்டி செயின்ட் அகஸ்டின் வந்தார். இதமான குளிர்காலம், பழைய ஸ்பானியக் கோட்டை எல்லாம் இருந்தும் பணக்காரர்கள் தங்கத் தகுந்த இடம் இல்லை என்று பட்டது. 1888 ஜனவரியில் போன்ஸ் டி லியோன் ஓட்டலைத் திறந்தார். சிப்பித் துகள் கலந்த கான்கிரீட்டை வார்த்து எழுப்பிய கட்டடம். முதலிலிருந்தே மின்விளக்கு. கட்டடக் கலைஞர்களான கரேரும் ஹேஸ்டிங்ஸும் வேலையை ஏற்றபோது முப்பதைத் தொடாத பையன்கள்; நியூயார்க் பொது நூலகத்தைப் பிற்பாடு வடிவமைத்ததும் இவர்கள்தான்.

ஆனால் அங்கே வர வேண்டுமானால் ஜாக்சன்வில்லில் இறங்கி, படகில் ஆற்றைக் கடந்து, குறுகிய பாதை ரயிலில் ஏற வேண்டும். அந்தச் சின்ன ரயில் கம்பெனியை 1885-லேயே விலைக்கு வாங்கினார், பாதையை அகலமாக்கினார், 1890-ல் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் பாலமும் போட்டார். வடக்கே ஏறியவர் பெட்டி மாறாமல் ஓட்டல் ஊரிலேயே இறங்கலாம் என்றானது. பிறகு ஆர்மண்ட், 1894-ல் பாம் பீச், 1896-ல் மயாமி என்று தெற்கே போய்க்கொண்டே இருந்தார். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் புது ஊர் பழைய ஊரின் கூட்டத்தைத் தின்றது. செயின்ட் அகஸ்டினுக்கு நாகரிக மவுசு பத்து வருஷம்கூட நிலைக்கவில்லை.

கேள்வி (சென்னை, நிலம் வாங்கி விற்கும் தொழிலில் இருப்பவர்): ஓட்டல் சீசன் இரண்டு மூன்று மாதம்தானே? இதில் என்ன லாபம் வந்திருக்கும்?

பதில்: உங்கள் தொழில்காரர் சரியான இடத்தில் கை வைக்கிறார். பாம் பீச்சில் பிப்ரவரி 22, வாஷிங்டன் பிறந்தநாள் விருந்தோடு சீசன் முடிந்துவிடும். ஓட்டல் வெறும் விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் நிலத்தில் இருந்தது. டேடோனாவுக்குத் தெற்கே போடும் ஒவ்வொரு மைல் பாதைக்கும் 8,000 ஏக்கர் என்று மாநிலம் வாக்குக் கொடுத்தது. கையில் இருந்ததைவிட அதிகமாக வாக்குக் கொடுத்திருந்ததால் அவ்வளவும் கிடைக்கவில்லை. அதை ஈடுகட்ட, ரயில் வந்தால் போதும் என்று தவித்த நில உடைமையாளர்களிடம் பேசி வாங்கினார்.

விற்பதற்கு 1896-ல் மாடல் லேண்ட் கம்பெனி. பொறுப்பு ஜேம்ஸ் இங்க்ரஹாமிடம். வடக்கில் விளம்பரம் செய்து குடியேறிகளைக் கொண்டுவந்தார்கள். போகா ரட்டோன் அருகே யமாட்டோ என்று ஜப்பானியர் குடியிருப்பு ஒன்றுகூட உருவாகி அன்னாசி பயிரிட்டது. நிலம் வாங்கியவன் விளைந்ததை ஏற்றவும் இவர் ரயிலுக்குத்தான் வர வேண்டும். கட்டணம் அதிகம் என்று அவர்கள் புலம்பியதில் ஆச்சரியமில்லை.

கேள்வி (டல்லாஸில் இருந்து): அண்ணா, ஒரு ஆரஞ்சுப் பூவை அனுப்பித்தான் மயாமிக்கு ரயிலை வரவழைத்தார்கள் என்று சுற்றுலா வழிகாட்டி சொன்னார். நிஜமா?

பதில்: பூ உண்மை, கதை கொஞ்சம் மெருகேற்றியது தம்பி. ஜூலியா டட்டில் என்ற விதவை 1891-ல் கிளீவ்லாந்தில் இருந்து வந்து மயாமி ஆற்றின் வடகரையில் 640 ஏக்கர் வாங்கிக் குடியேறினார். பாதையை நீட்டுங்கள், என் நிலத்தில் பங்கு தருகிறேன் என்று ஃப்ளாக்லருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அசையவில்லை. 1894 டிசம்பர் கடைசியிலும் 1895 பிப்ரவரியிலும் கடும் உறைபனி விழுந்து ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகள் கருகின. முதல் பனியில் தப்பிய மரங்கள் துளிர்விட்ட நேரத்தில் இரண்டாவது பனி வந்ததுதான் நாசம். மயாமிப் பக்கம் மட்டும் தப்பியது. டட்டில் பூ அனுப்பினார் என்பது கதை. பூத்த கிளைகளைத் தானே திரட்டிக் கொண்டுபோய்க் காட்டியதாகத்தான் இங்க்ரஹாம் பின்னால் சொன்னார்.

எப்படியானாலும் டட்டில் தன் மனைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து ஃப்ளாக்லருக்குக் கொடுத்தார். தென்கரையில் இருந்த பிரிக்கெல் குடும்பமும் கொடுத்தது. 1896 ஏப்ரலில் ரயில் வந்தது. ஜூலை 28-ல் மயாமி நகரமானது. ஊருக்கு ஃப்ளாக்லர் பெயரையே வைக்கலாம் என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். டட்டிலுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் மனது கஷ்டப்படும். 1898-ல், ஐம்பது வயதுகூட ஆகாமல், கடனோடு இறந்தார். மிச்ச நிலத்தை விற்றுத்தான் பிள்ளைகள் கடனை அடைத்தார்கள்.

கேள்வி (யாழ்ப்பாணத்தில் இருந்து): எல்லோரும் அவர் கட்டினார் என்றுதான் எழுதுகிறார்கள். மண் சுமந்தவர்கள் யார் ஐயா?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. பெரும்பாலும் கறுப்பினத்தவர், பஹாமாத் தீவுக்காரர்கள், பின்னால் ஸ்பானியர், இத்தாலியர். வாடகைக்கு விடப்பட்ட சிறைக்கைதிகளும் உண்டு. மயாமி நகரமாவதற்கு ஓட்டுப் போட்டவர்களில் 162 பேர் கறுப்பினத்தவர். எண்ணிக்கை நிரம்ப அவர்கள் ஓட்டு வேண்டியிருந்தது. நகரமானதும், இன்று ஓவர்டவுன் எனப்படும் பகுதிக்குள் ஒதுக்கப்பட்டார்கள். மயாமியில் ஃப்ளாக்லர் கட்டிய ராயல் பாம் ஓட்டலுக்காகப் பழங்குடியினரின் பழைய ஈமமேடு ஒன்றையும் மட்டமாக்கினார்கள்.

பாம் பீச்சில் இன்னும் அப்பட்டம். தீவு விருந்தாளிகளுக்கு, ஏரிக்கு இந்தப்பக்கம் வெஸ்ட் பாம் பீச் வேலைக்காரர்களுக்கு. சக்கரம் வைத்த பிரம்பு நாற்காலியில் சீமாட்டிகளை வைத்துக் கறுப்பின ஆள் பின்னால் இருந்து மிதிப்பார். தீவிலேயே ஸ்டிக்ஸ் என்ற குடிசைப் பகுதியும் இருந்தது. குடியிருந்தவர்களை சர்க்கஸுக்கு அனுப்பிவிட்டு ஃப்ளாக்லர் தீ வைத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. நிலமும் அப்போது வேறு ஆட்கள் கையில். ஆனால் காலி செய்யவைத்தது உண்மை.

கீ வெஸ்ட் பாதை வேலைக்கு நியூயார்க்கில் ஆள் பிடித்தார்கள். ரயில் செலவை முன்பணமாக எழுதிக்கொண்டு, அது கழியும் வரை தீவை விட்டுப் போகவிடாமல் வைத்திருந்தார்கள் என்று கொத்தடிமைக் குற்றச்சாட்டு எழுந்தது. 1908-ல் முகவர்கள் மீது நடந்த வழக்கு நிற்கவில்லை.

கேள்வி (ஹூஸ்டனில் இருந்து): தன் விவாகரத்துக்காகச் சட்டத்தையே மாற்றினாராமே?

பதில்: ஆமாம். இரண்டாம் மனைவி ஐடா ஆலிஸ் மனநோயாளி என்று 1899-ல் நியூயார்க்கில் தீர்ப்பானது. அங்கே அந்தக் காரணத்துக்காக விவாகரத்து கிடையாது. குடியிருப்பை ஃப்ளோரிடாவுக்கு மாற்றினார். 1901-ல் தீராத மனநோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. ஆகஸ்டில் விவாகரத்து, அதே மாதம் 24-ம் தேதி மேரி லில்லி கெனனோடு கல்யாணம். அவருக்கு 71, மணப்பெண்ணுக்கு 34. 1905-ல் சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஆலிஸுக்குப் போதிய பங்குகளை ஒதுக்கிவைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் 1930 வரை காப்பகத்தில் வசதியோடு வாழ்ந்தார். ஒரு மாநிலம் ஒரு ஆளுக்கு எவ்வளவு கடன்பட்டிருந்தது என்பதற்கு அந்தச் சட்டத்தைவிடச் சாட்சி வேண்டாம்.

கேள்வி (திருச்சி, கட்டுமானப் பொறியாளர்): கடல் மேல் ரயில் எப்படிச் சாத்தியமானது? 1935-ல் புயலில் பாதை அழிந்தது வடிவமைப்புக் கோளாறா?

பதில்: 1905-ல் ஆரம்பிக்கும்போது அவருக்கு 75 வயது. பனாமா கால்வாய் திறந்தால் கீ வெஸ்ட் பெரிய துறைமுகமாகும் என்று கணக்கு. தீவுகளில் நல்ல தண்ணீர் கிடையாது. குடிக்கவும் கான்கிரீட் கலக்கவும் வெளியிலிருந்து வந்தது. கடல்நீருக்கு அடியில் நிற்கும் பகுதிக்கு ஜெர்மன் சிமெண்ட் வரவழைத்தார்கள். லாங் கீ பாலத்தில் கான்கிரீட் வளைவுகள். செவன் மைல் பாலத்தில் தூண் மேல் இரும்பு உத்திரம். 1906 அக்டோபர் புயலில் தொழிலாளர் தங்கியிருந்த மிதவை வீடு அடித்துச் செல்லப்பட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1909, 1910-லும் புயல். தலைமைப் பொறியாளர் மெரிடித் 1909-ல் இறந்துபோக, வில்லியம் குரோம் முடித்தார். 1912 ஜனவரி 22-ல் முதியவர் தன் ரயிலிலேயே கீ வெஸ்டில் போய் இறங்கினார். செலவு 2 கோடி டாலருக்கு மேல். மறுவருஷம், பாம் பீச் வீட்டுப் படியில் விழுந்து, மே 20-ல் காலமானார்.

1935 செப்டம்பர் 2 புயலில் பாலங்கள் நின்றன. போனது தீவுகளை இணைத்த மண் கரைகள். நீர் ஓட வேண்டிய இடங்களை அடைத்துக் கரை போட்டதைத்தான் கோளாறு என்பேன். முதலில் திட்டமிட்டதைவிடப் பாலங்களைக் கூட்டியும் அது போதவில்லை. நெடுஞ்சாலை வேலையில் இருந்த முன்னாள் போர்வீரர்களை மீட்க மயாமியில் இருந்து போன ரயிலை அலை புரட்டிப் போட்டது, எஞ்சின் மட்டும் நின்றது. அந்தப் புயலில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கம்பெனி 1931-லேயே திவால் நிர்வாகத்தில் இருந்ததால் பழுதுபார்க்கப் பணமில்லை. பாதையை மாநிலத்துக்கு விற்றது. அதே பாலங்கள் மேல் 1938-ல் சாலை வந்தது.

கேள்வி (அட்லாண்டா, குடும்பத்தோடு போகிறவர்): பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது? பிள்ளைகளும் வருகிறார்கள்.

பதில்: போன்ஸ் டி லியோன் இப்போது ஃப்ளாக்லர் கல்லூரி, மாணவர்கள் டிஃபனி கண்ணாடிச் சன்னல்களுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எதிரில் இருந்த அல்கசார் ஓட்டல் லைட்னர் அருங்காட்சியகம். பாம் பீச்சில் அவர் வீடான வைட்ஹால், அதில் அவருடைய சொந்த ரயில் பெட்டி, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மயாமியில் இருந்து ஓடும் பிரைட்லைன் ரயில் பெரும்பகுதி அவர் போட்ட தடத்தில்தான் போகிறது. பழைய செவன் மைல் பாலத்தில் மராத்தானில் இருந்து பிஜன் கீ வரை, சுமார் இரண்டு மைல், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடுகிறார்கள். நிழல் துளிகூடக் கிடையாது; காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும்.