பூனையின் வால் இடிக்கிறது

கேள்வி: எனக்கு ஆறாம் வகுப்பில் ஒரு மகன், மூன்றாம் வகுப்பில் ஒரு மகள். இந்த லீவில் இருவரும் என் கணவரின் பழைய லேப்டாப்பில், பிள்ளைகள் கோடிங் பழகும் ஸ்க்ராட்ச் வைத்து ஒரு தடை ஓட்ட கேம் செய்யத் தொடங்கினார்கள். பூனை ஓடி, முள், பள்ளம் எல்லாம் தாண்டிக் கொடியைத் தொட வேண்டும். எனக்குத் தெரிந்த அளவு நானும் உட்கார்ந்து உதவினேன். மூன்று லெவல் வந்துவிட்டது. மகன் நாளுக்கு நாள் கஷ்டமாக்கிக்கொண்டே போகிறான். மகளால் விளையாட முடியவில்லை, அழுகிறாள், தினம் சண்டை. மில்லில் கார்டிங் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார்கூட ஒரு நாள் விளையாடிப் பார்த்தார். முதல் முள்ளிலேயே ஆறு தடவை செத்துப்போனார். "தாண்டிட்டனே கண்ணு, அப்புறம் எதுக்குச் சாகுது?" என்று கேட்டதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். இப்போது பத்து நாளாக அந்த கேமை யாரும் தொடுவதில்லை. 12,000 ரூபாய்க்கு ஒரு ஆன்லைன் கோடிங் வகுப்பு இருக்கிறது. சேர்த்துவிட்டால் ஒழுங்காக முடிப்பார்களா?
- வாசகி, கோவை

பதில்: வகுப்பு வேண்டாம். ஸ்க்ராட்ச் இலவசம். எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-இல் அதை வெளியிட்டதே எட்டிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே நோண்டிக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான். மூன்று லெவல் வரை சொந்தமாகச் செய்த பிள்ளைகளை இன்னொருவர் முன்னால் உட்கார வைத்து, முதல் நாள் பூனையை நகர்த்துவது எப்படி என்று கேட்கச் சொன்னால் கொட்டாவிதான் விடுவார்கள். அந்தப் பணத்தை பேங்கில் போடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மாமனார் ஓரமாக வந்து ஓரமாகவே போய்விட்டார். எனக்கு அங்கேதான் கண் நின்றது. "தாண்டிட்டனே கண்ணு, அப்புறம் எதுக்குச் சாகுது?" அந்த வீட்டில் அந்த கேமைப் பற்றி யாரும் கேட்காத கேள்வி அது. அதைக் கேட்ட மனிதரைத்தான் மூன்று பேரும் சேர்ந்து சிரித்துத் திண்ணைக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அவர் உண்மையிலேயே தாண்டியிருப்பார் அம்மா. ஸ்க்ராட்ச் பூனை வலப்பக்கம் பார்த்து ஓடும், வால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முள்ளைத் தொட்டதா என்று கேட்கும் பிளாக், அதாவது ஸ்க்ராட்சின் கட்டளைத் துண்டு, பூனையின் முழுப் படத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கால், காது, வால் எல்லாம் அதற்கு ஒன்றுதான். உடம்பு முள்ளைத் தாண்டி இறங்கும்போது பின்னால் வரும் வால் நுனி முள்ளில் உரசினாலும் கதை முடிந்தது. உங்கள் மகன் ஐம்பது தடவை விளையாடி, எந்த இடத்தில் குதித்தால் சாகாது என்பதை விரலுக்குப் பழக்கிவிட்டான். அதனால் அவன் கண்ணில் வால் படவில்லை. அப்பாருவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, அந்தப் பழக்கம் இல்லை. கண்ணால் பார்த்ததை நம்பிக் குதித்தார். ஆறு தடவையும் ஏமாந்தது அவர்தான், தப்பு பூனையில்.

யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று தெரியுமா? கார்டிங் ஃபிட்டர் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்யும் கார்டிங் மெஷினில், கம்பி முனைகள் பதித்த சுற்றும் சிலிண்டருக்கும் அதன் மேல் நகரும் ஃபிளாட் என்ற கம்பிப் பட்டைக்கும் நடுவே விடுகிற இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு அளவுக்குத்தான் இருக்கும். இடைவெளி அளக்கும் தகடு மாதிரி கேஜை உள்ளே விட்டு, உரசுகிற பதத்தைக் கைவிரலில் உணர்ந்து திருகுவார்கள். கூடினால் பஞ்சு சுத்தமாகாது, குறைந்தால் கம்பி முனைகள் ஒன்றோடொன்று உரசிவிடும். வாழ்நாள் முழுக்க எது எதில் இடிக்கிறது என்று பார்த்தே சம்பளம் வாங்கிய மனிதர் உங்கள் வீட்டில் வந்து "இடிக்கலையே, ஏன் சாகுது" என்று கேட்கிறார். இதைவிட நல்ல வாத்தியார் 12,000 ரூபாய்க்குக் கிடைப்பாரா?

பிள்ளைகள் சிரித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு வயசும் பதினோரு வயசும் சிரிக்கத்தான் செய்யும். "எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை. நீங்கள் சிரித்த அந்த நொடியில் இந்த வீட்டில் யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் அண்ணன் தங்கையைப் பார்த்து அதையே செய்கிறான், நீங்கள் சண்டை என்கிறீர்கள். வயசானவர் விளையாட வந்து உட்கார்ந்தார் என்றால் பேரப் பிள்ளைகள் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று வந்திருக்கிறார். பூனை மேல் அவருக்கு என்ன ஆசை? வீட்டில் பெரியவர் இருப்பதே ஒரு பாக்கியம் என்று நினைக்கிற பழைய ஆள் நான். உங்களுக்கு அது பத்தாம்பசலியாகத் தெரிந்தால் தெரியட்டும். உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் லேப்டாப்பைத் தவிர ஒன்றும் இல்லை. திண்ணையில் இருப்பது அவருடைய அப்பா என்பதை அவரிடமும் ஒரு தடவை சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வது? பிள்ளைகளைக் கூப்பிட்டு மரியாதை பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டாம், காலில் விழவும் சொல்ல வேண்டாம். நீங்கள் போய்ச் சொல்லுங்கள்: "மாமா, அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான், வால் இடிக்குதுங்க. எங்க இடிக்குதுன்னு பசங்களுக்குக் காட்டுங்க." மன்னிப்பு என்ற வார்த்தை வராமலே அது மன்னிப்பு ஆகிவிடும். முதல் நாள் வரமாட்டார். "எனக்கென்னம்மா தெரியும்" என்பார். மறுநாள் காபி கொடுக்கும்போது திரும்பக் கூப்பிடுங்கள்.

உட்கார்ந்ததும் ஒரு சட்டம்: அவர் விளையாடும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. "இப்ப குதிங்க அப்பாரு" என்று மகன் கத்தினால் கேம் சொல்ல வேண்டியதை அவன் சொல்கிறான் என்று அர்த்தம். மகள் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். அப்பாரு எங்கே விழுகிறார், விழுமுன் எந்தக் கீயை அழுத்தினார் என்று அவள் எழுத வேண்டும். இத்தனை நாள் அழுதுகொண்டிருந்தவளுக்கு அந்த நோட்டு போதும், அண்ணனை வேலை வாங்கிவிடுவாள். முள்ளின் நிறமும் பின்னணியின் நிறமும் ஒன்றாக இருந்து அவருக்குக் கண் தெரியவில்லை என்றால் அதுவும் அந்த நோட்டில் வரட்டும்.

வாலைச் சரி செய்வது சுலபம். வாலையே அழித்துவிடலாம், ஆனால் மகள் விடமாட்டாள். அதனால் ஒரு சின்ன செவ்வகக் கட்டையை வரைந்து, ஓடுவதும் குதிப்பதும் முள்ளைத் தொடுவதும் அந்தக் கட்டையின் வேலை என்று வைக்கச் சொல்லுங்கள். உருவத்தை மங்கலாக்கும் கோஸ்ட் எஃபெக்டை 100 ஆக்கினால் கட்டை கண்ணுக்குத் தெரியாது. பூனை அதன் மேல் ஏறி உட்கார்ந்து, கட்டை போகிற இடமெல்லாம் கூடவே போகும். வால் எங்கே உரசினாலும் கேஸ் இல்லை.

பள்ளத்துக்கு ஒரு பேப்பரும் பென்சிலும் போதும். ஸ்க்ராட்சில் கீழே இழுக்கும் விசை தானாக வராது, பிள்ளைகள்தான் செய்ய வேண்டும். கட்டளைகள் ஒரு முறை ஓடி முடிவது ஒரு சுற்று. குதிக்கும்போது மேலே போகும் வேகம் சுற்றுக்கு 12 புள்ளி, ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் ஒன்று குறைகிறது என்று வையுங்கள். 12, 11, 10 என்று ஒன்று வரை கூட்டினால் 78. பூனை அவ்வளவு புள்ளி உயரம் எழும்பும். ஏறி இறங்க 25 சுற்று. சுற்றுக்கு ஐந்து புள்ளி வீதம் ஓடினால் 125 புள்ளி தூரம். மேடையின் அகலமே 480தான். மகன் 120 புள்ளிக்குப் பள்ளம் வெட்டியிருந்தால், ஒரு மயிரிழை முன்னால் குதிப்பவர்கூட உள்ளேதான் விழுவார். எண்பது புள்ளிக்கு வெட்டினால் அப்பாருவும் தாண்டுவார், தங்கையும் தாண்டுவாள். கணக்கை மகன் போடட்டும், மாமனார் சரிபார்க்கட்டும். எவ்வளவு இடைவெளி விடுவது என்பது அவருக்குச் சோறு போட்ட விஷயம்.

கஷ்டமான லெவல் வேண்டும் என்று மகன் அடம் பிடித்தால் ஐந்தாவது லெவலாக வைத்துக்கொள்ளட்டும். முதல் முள் மட்டும் யாரையும் கொல்லக் கூடாது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ வீடியோ கேமில் முதலில் வரும் எதிரி ஒரே ஆள், மெதுவாகத்தான் நடந்து வருவான், குதித்தால் தாண்டிவிடலாம். செத்தாலும் அங்கே கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம், எரிச்சல் வராது. நம் பரமபதத்தில் பாம்பு கடித்தவரைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் அடுத்த தாயம் நம்மையும் அங்கேயே கொண்டு போகும் என்று தெரிந்து சிரிப்பார்கள். உங்கள் மகனின் கேமில் அவனுக்குப் பாம்பே கிடையாது.

இதெல்லாம் ஆன பிறகு மாமனார் ஏழாவது தடவை எங்கே விழுந்தார் என்று எனக்கு எழுதுங்கள். மகளின் நோட்டைப் பார்த்தே எழுதலாம்.