சட்ட ஆலோசனை: கைப்பட்டை காட்டும் கலோரிக் கணக்கு நீதிமன்றத்தில் எடுபடுமா?

கேள்வி: எனக்கு வயது 42. கிடங்கு ஒன்றில் நின்றபடியே சரக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். வாகனம் மோதியதில் தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்க முடியாது, எடை தூக்கக் கூடாது என்று மருத்துவர் சான்று அளித்திருக்கிறார். இழப்பீட்டு வழக்கு விசாரணையில் உள்ளது. விபத்துக்கு முன்பிருந்தே நான் அணிந்துவரும் உடற்பயிற்சிக் கைப்பட்டையின் பதிவுகளைச் சிகிச்சைக் கோப்போடு நானே ஒப்படைத்திருந்தேன். அவற்றில் விபத்துக்குப் பிந்தைய ஆறு மாதங்களை எடுத்துக்கொண்டு, நான் தினமும் சராசரியாக 2,050 கலோரி எரித்திருப்பதாகவும், ஒரு நாள் 2,480 கலோரி வரை போயிருப்பதாகவும், ஆகவே என் இயலாமை மிகைப்படுத்தப்பட்டது என்றும் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதிடுகிறார். அந்த ஒரு நாள் நான் இயன்முறை சிகிச்சைக்குப் போன நாள். இந்தக் கணக்கை எப்படி எதிர்கொள்வது? செயலியிலுள்ள என் கணக்கை நீக்கிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீக்காதீர்கள். வழக்கு நடக்கும்போது சாட்சியமாகக்கூடிய பதிவை ஒரு தரப்பு அழித்தால், அது தனக்குப் பாதகமாக இருந்ததால்தான் அழித்தது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள இடம் கொடுப்பதாகும். மேலும், நீங்கள் அழிக்க நினைக்கும் அந்தப் பதிவு உங்களுக்குச் சாதகமானது என்பதே என் கருத்து.

எதிர்த்தரப்பின் வாதம் ஒரு குழப்பத்தின் மேல் நிற்கிறது. கைப்பட்டை காட்டும் நாள் மொத்தத்தை அவர்கள் உழைப்பின் அளவாக வாசிக்கிறார்கள். பெரும்பாலான கருவிகளில் அந்த மொத்தத்தின் பெரும் பங்கு, மூச்சு விடுவதற்கும் இதயம் துடிப்பதற்கும் உடல் சூட்டைக் காப்பதற்கும் செலவாகும் ஓய்வுநிலை ஆற்றல். நாள் முழுக்கப் படுத்திருந்தாலும் அது செலவாகும். நடு இரவில் தொடங்கி நிமிடத்துக்கு நிமிடம் அது ஏறிக்கொண்டே இருப்பதை, தூங்கிய நேரத்து வரைபடத்தைத் திறந்து பார்த்தாலே காணலாம். உங்கள் வழக்கறிஞர் அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துத் தாக்கல் செய்வது நல்லது.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த அறிக்கையில் எடை 78 கிலோ, உயரம் 172 சென்டிமீட்டர் என்று இருக்கிறது. ஊட்டச்சத்து நிபுணர்கள் பரவலாகப் பயன்படுத்தும் மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரப்படி ஓர் ஆணின் ஓய்வுநிலைச் செலவு என்பது, எடையைப் பத்தாலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, ஐந்தைச் சேர்ப்பது. 780-உம் 1,075-உம் கூட்டி, 210 கழித்து, 5 சேர்த்தால் 1,650 கலோரி வருகிறது. ஆக, 2,050-இல் அசைவுக்கும் செரிமானத்துக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 400 கலோரிதான்.

இதை இன்னொரு அளவுகோலோடும் வைத்துப் பாருங்கள். ஒருவரின் மொத்த ஆற்றல் செலவை அவருடைய ஓய்வுநிலைச் செலவால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைக் கொண்டு வாழ்க்கை முறையை வகைப்படுத்துவது வழக்கம். உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் 2001-இல் கூட்டிய நிபுணர் குழு, 1.40 முதல் 1.69 வரை உள்ளதை உட்கார்ந்த அல்லது இலகுவான வாழ்க்கை என்றும், 1.70 முதல் 1.99 வரை உள்ளதைச் சுறுசுறுப்பான வாழ்க்கை என்றும் வகுத்தது. உங்கள் சராசரி 2,050-ஐ 1,650-ஆல் வகுத்தால் 1.24. உட்கார்ந்தே வேலை செய்பவருக்கான கீழ் எல்லையைக்கூட அது தொடவில்லை. எதிர்த்தரப்பு பெரிதாக உயர்த்திக் காட்டும் அந்த 2,480 கலோரி நாள்கூட 1.50-தான். வாதத்துக்காக அவர்களுடைய எண்களை அப்படியே ஒப்புக்கொண்டாலும், அவை நடமாட்டம் குறைந்த ஒரு மனிதரையே காட்டுகின்றன.

இனி, அந்த எண்களை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டுமா என்பது. கைப்பட்டை கலோரியை அளப்பதில்லை, ஊகிக்கிறது. அசைவுமானி கை எப்படி அசைகிறது என்று சொல்கிறது, பச்சை ஒளி தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தைக் கொண்டு நாடித்துடிப்பைக் கணிக்கிறது, இவற்றோடு நீங்கள் பதிந்த வயது, எடை, உயரம், பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து, நிறுவனம் வெளியிடாத ஒரு சூத்திரம் ஓர் எண்ணைத் தருகிறது. உண்மையில் எரிந்ததை அறிய, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்க வேண்டும், அல்லது ஐசோடோப்பு கலந்த நீரைக் குடிக்கச் செய்து பல நாட்கள் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 60 பேர் ஏழு கருவிகளை அணிந்து நடந்தார்கள், ஓடினார்கள், மிதிவண்டி மிதித்தார்கள். ஏழில் ஆறு கருவிகள் நாடித்துடிப்பை ஐந்து சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியில் மிகத் துல்லியமானது எனப்பட்ட கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மிக மோசமானது 93 சதவீதம். உடற்பருமன் கூடியவர்களிடமும் தோல் நிறம் கருமையானவர்களிடமும், செயல்களில் நடையின்போதும், கருவிகளின் பிழை அதிகமாக இருந்தது என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. நாடித்துடிப்பைச் சரியாகச் சொல்லும் கருவி கலோரியையும் சரியாகச் சொல்லும் என்று எதிர்த்தரப்பின் சாட்சி கூறினால், குறுக்கு விசாரணையில் இந்த ஆய்வு பயன்படும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. இந்தச் சூத்திரங்கள் பொதுவாக நலமுள்ளவர்களின் அசைவை மனதில் வைத்து உருவானவை. வலி, பதற்றம், காய்ச்சல், நீண்ட படுக்கையால் வந்த தளர்ச்சி ஆகிய எதுவும் நாடியை உயர்த்தும். கருவியோ நாடி உயர்ந்தால் உழைப்பு உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய அறிக்கையில் அந்த 2,480 கலோரி நாளில் காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் நாடித்துடிப்பு 128-ஐத் தொட்டிருக்கிறது, ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் பதிவான அடிகள் 212 மட்டுமே. நாடி ஏறி, கால் நகராத ஒரு மணி நேரம்! இயன்முறை சிகிச்சை மேசையில் வலியோடு முழங்காலை மடக்கியவரின் வரைபடம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் சிகிச்சையாளர்.

ஒரு எச்சரிக்கை. கருவி தவறானது என்பதை உங்கள் முதல் வாதமாக வைக்காதீர்கள். பிழை இரு பக்கமும் வெட்டும். ஜப்பானில் 19 பேரிடம் 12 கருவிகளைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், அன்றாட வாழ்க்கையில் கருவிகள் உண்மைச் செலவைக் குறைத்தே காட்டின. அதைப் படித்திருக்கும் எதிர் வழக்கறிஞர், அப்படியானால் உண்மையில் நீங்கள் இன்னும் அதிகம் உழைத்தீர்கள் என்று திருப்பிவிடுவார். ஆகவே முதலில் எழுப்ப வேண்டியது பொருத்தப்பாடு பற்றிய ஆட்சேபணை. உங்கள் வழக்கின் கேள்வி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியுமா, எடை தூக்க முடியுமா என்பது. கலோரி எண் எத்தனை பெரிதாக இருந்தாலும் அந்த இரண்டுக்கும் அது பதில் சொல்லாது. அடுத்து, மேலே சொன்ன வகுத்தல் கணக்கு. துல்லியம் பற்றிய வாதம் மூன்றாவதாகத்தான் வர வேண்டும். அப்போதும் அந்த எண்ணை உறுதிப்படுத்தும் நிபுணர் சாட்சி யார் என்று கேட்டு, அதை நிரூபிக்கும் பொறுப்பை எதிர்த்தரப்பின் தலையில் வையுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993-இல் டாபர்ட் வழக்கில், அறிவியல் சாட்சியத்தை ஏற்குமுன் அந்த முறையின் அறியப்பட்ட பிழை விகிதத்தையும் கருத வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு மற்ற நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எந்த நீதிபதியும் நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி அது. பயனர் கையேட்டையும் பாருங்கள். இது மருத்துவக் கருவி அன்று என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும்.

உங்களுக்குச் சாதகமான பதிவு என்று தொடக்கத்தில் சொன்னது, விபத்துக்கு முந்தைய மாதங்களைப் பற்றியது. எதிர்த்தரப்பு ஆறு மாதங்களை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறது. ஒரே கை, ஒரே கருவி எனும்போது பிழை பெரும்பாலும் ஒரே திசையில் இருக்கும். தனி எண் நம்பத்தகாததாக இருந்தாலும் முன்னும் பின்னுமான வித்தியாசம் ஓரளவு நம்பத்தகும். கனடாவின் கால்கரி நகரில் 2014-இல் ஒரு விபத்து வழக்கில், காயமடைந்தவரின் வழக்கறிஞர்களே இத்தகைய கருவியின் பதிவைக் கொண்டு அவருடைய நடமாட்டம் குறைந்ததைக் காட்ட முன்வந்தார்கள். நீங்களும் முழுப் பதிவையும், குறிப்பாக நாள் மொத்தமாக இல்லாமல் நிமிடவாரியாக, நிறுவனத்திடமிருந்து முறைப்படி கேட்டுப் பெறுங்கள். இடையில் எடையைத் திருத்தியிருந்தாலோ, செயலி புதுப்பிக்கப்பட்டிருந்தாலோ, அந்தத் தேதிகளை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கலோரியைவிட அடி எண்ணிக்கையை ஒப்பிடுவது அப்போது பாதுகாப்பானது. ஊன்றுகோலோடு நடந்த வாரங்களில் கை அசைவு மாறியிருக்கும் என்பதால் அந்த வாரங்களைத் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த விசாரணைக்கு முன், 2,480 கலோரி நாளின் சிகிச்சை வருகைப் பதிவேட்டிலிருந்து, நீங்கள் உள்ளே வந்த நேரமும் வெளியேறிய நேரமும் தெரியும் நகலைச் சிகிச்சையாளரின் கையொப்பத்தோடு வாங்கிவிடுங்கள்.